பாஸ்வேர்டு இல்லாத தூக்கம்

திருப்பூரில் நூல் குடோன்களுக்குப் பின்னால், மினி பஸ் திரும்ப முடியாமல் திணறும் ஒரு சந்துக்குள், வேலாயுதம் காம்பவுண்டு என்று ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஏழு வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு லைன் வீடு இருந்தது. அதில் மூன்றாம் நம்பர் வீட்டில் குடியிருந்த நர்ஸ் கோகிலவாணியின் தூக்கம், ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பத்து மணிக்கு வீட்டை விட்டு வெளியே போயிற்று.

திருடு போகவில்லை, தொலைந்தும் போகவில்லை. கொடியில் காயும் துணி காற்றடித்தால் பக்கத்து வாசலில் போய் விழுமே, அந்த மாதிரி சாதாரணமாகத்தான் போயிற்று. போவதற்கு வழி செய்து கொடுத்தவளும் அவள்தான்.

கோகிலவாணிக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக இரவு டியூட்டி. காலை ஒன்பதுக்கு வீடு வந்து, குளித்து, இரண்டு தோசையை நின்றபடியே தின்று, பத்து மணிக்குப் பாயில் விழுந்தாளானால் நான்கு மணிக்குத்தான் கண் திறப்பாள். அவள் புருஷன் ரங்கராஜ் டிரைலர் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போகிறவன். இருபது நாளைக்கு ஒருமுறை வருவான், இரண்டு நாள் இருப்பான், மூன்றாம் நாள் மறுபடி வடக்கே போய்விடுவான். நடுவில் அவன் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவள் வைஃபை போட்டாள். காம்பவுண்டில் முதல் வைஃபை அது.

அந்தக் காம்பவுண்டில் சில விஷயங்களைக் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் கிடையாது. உறைமோர், கறிவேப்பிலை, ஏணி, ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டக் கயிறு. வைஃபை வந்த மறுநாளே பாஸ்வேர்டும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆனால் உறைமோரை ஒருமுறை கொடுத்தால் போதும், பாஸ்வேர்டு அப்படியில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம் என்று அது அத்தனை நீளம். எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தொலைப்பார்கள், போனை மாற்றுவார்கள், மச்சினி விருந்துக்கு வருவாள், மச்சினியின் போனுக்கும் வேண்டும். எல்லோரும் வந்து கதவைத் தட்டுவது பகல் பத்திலிருந்து நாலுக்குள், கோகிலவாணி செத்தவள் போலத் தூங்குகிற நேரத்தில்.

இருபது நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, பூட்டே இல்லாமல் வைப்பது எப்படி என்று கேட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண், “மேடம், அது பாதுகாப்பு இல்லைங்க” என்று மூன்று தடவை சொன்னாள்.

“எங்க காம்பவுண்டுல எல்லாரும் தெரிஞ்சவங்கதானுங்க. என்ன போயிரப் போகுது?” என்றாள் கோகிலவாணி.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல, செட்டிங்குக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டு, ‘வைஃபைக்கு பாஸ்வேர்டு இல்லை, கதவைத் தட்ட வேண்டாம்’ என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டுப் பாயில் படுத்தாள். நிம்மதியாகத் தூங்கத்தான் இத்தனையும். தூக்கமும் வந்தது. இமை வரைக்கும் வந்து, அங்கே ஒரு கணம் நின்று, திரும்பி, அலமாரியின் மேல் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டி வழியாக வெளியே போயிற்று.

முதல் வீட்டுப் பூவாத்தாள், பத்து வருஷமாகத் தூக்கம் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்று வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே சாய்ந்தவள்தான், நான்கு மணிக்குக் கீரைத்தண்டை கையில் பிடித்தபடியே எழுந்தாள். ஐந்தாம் வீட்டில் பல் முளைக்கும் வேதனையில் ஒரு வாரமாகக் கத்திய குழந்தை அடங்கித் தூங்கியது, அதைத் தோளில் போட்டு நடந்தவளும் தூங்கினாள். ஏழாம் வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தது கூட யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி, இடது பக்கம் ஒருக்களித்து, வலது கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்கினார்கள். கோகிலவாணி தூங்குவது அப்படித்தான். எல்லோருடைய கனவிலும் ஒரு குளுக்கோஸ் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் எழுந்ததும் முதல் வார்த்தையாக, “பன்னெண்டாம் பெட்டுக்கு பிரஷர் பாத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு, என்ன கேட்டோம் என்று தெரியாமல் மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள்.

இரண்டு மூன்று நாளில் விஷயம் பிடிபட்டுவிட்டது. வைஃபையை அணைத்த போன் பக்கத்தில் இருந்தால் தூக்கம் வரவில்லை, போட்டு வைத்தால் வந்தது. இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. இத்தனை படமும் பாட்டும் காற்றில் வருகிறபோது தூக்கம் வந்தால் என்ன என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். தூக்கத்தின் தரத்தைப் பற்றித்தான் பேச்சு. “நைட் டூட்டி பாக்கறவ தூக்கமில்லீங்களா, அடர்த்தியா இருக்குது. கலப்படமே இல்லீங்க” என்று பூவாத்தாள் குழாயடியில் சான்று சொன்னாள். கோகிலவாணியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளுடைய பொருள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆவணி போய்ப் புரட்டாசி வருவதற்குள் தெருவின் வழக்கமே பத்து மணியைச் சுற்றித் திரும்பிவிட்டது. பால்காரர் ஒன்பதரைக்குள் வந்துபோனார், சிலிண்டர் வண்டி சந்துமுனையிலேயே மணியை நிறுத்தியது, மாரியம்மன் கோயில் மைக் செட்டு பத்துக்கு வாயை மூடியது. தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் தன் போனையும் சேர்த்துக்கொண்டதால் வால்வுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார், குடங்கள் நிரம்பி வழிந்து சந்து பூராவும் ஓடிய தண்ணீரில் அடுத்த தெரு வாத்துகள் வந்து நீந்திவிட்டுப் போயின. சிக்னல் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஆறு தப்படி வரைக்கும் கிடைக்கும் என்று தெரிந்ததும், அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் பாயும் தலையணையுமாக வந்து சுவரோரம் வரிசையாகப் படுத்தார்கள். பனியன் கம்பெனி முதலாளி ஒருவரின் அம்மா தினமும் காரில் வந்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, பின்சீட்டில் தூங்கிவிட்டுப் போனார்.

சுவருக்கு உள்ளே கோகிலவாணி புரண்டுகொண்டிருந்தாள். தலையை வடக்கிலிருந்து தெற்குக்கு மாற்றினாள், தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றினாள், பாயை மாற்றி மெத்தை போட்டாள், மெத்தையைச் சுருட்டிவிட்டு வெறும் தரையில் படுத்தாள், பாலில் ஜாதிக்காய் உரசிக் குடித்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், படுத்தாள், எழுந்தாள். சரியாக இரண்டு மணிக்கு ஜன்னல் வழியாக விழுகிற வெயில் சுவரில் எந்த ஓட்டையைத் தொடும் என்பது வரைக்கும் அவளுக்கு மனப்பாடம். டாக்டரம்மாவிடம் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டாள். மாத்திரையின் தூக்கமும் வெளியேதான் போயிற்று. அன்று காம்பவுண்டு சாயங்காலம் ஏழு மணி வரை எழவில்லை, பள்ளிக்கூட வேனில் வந்த பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் காத்திருந்தன.

அவளுக்கு விஷயம் தெரிந்தது முப்பத்தேழாவது நாள். அதுவும் தூக்கத்தைத் தேடிப் போய் அல்ல. ரங்கராஜ் நாக்பூர் பக்கமிருந்து வீடியோவில் வந்தான். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் மீசை ஒரு பக்கமுமாக நின்றுபோயிற்று. கஸ்டமர் கேரில் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார்கள்: பெட்டியை அணையுங்கள், முப்பது எண்ணுங்கள், மறுபடி போடுங்கள்.

அணைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணும்போது அவளுக்குக் கொட்டாவி வந்தது. முப்பத்தேழு நாளில் முதல் கொட்டாவி, கண்ணில் தண்ணீர் வருகிற முழுக் கொட்டாவி. அதே நேரத்தில் இரண்டு பக்கச் சுவருக்கும் அப்பாலிருந்து இருமல், பாத்திரம் உருளும் சத்தம், ஐந்தாம் வீட்டுக் குழந்தையின் அழுகை. முப்பது எண்ணி விளக்கு பச்சையாக எரிந்ததும் கொட்டாவி பாதியில் நின்றது. குழந்தையும் அடங்கியது. கோகிலவாணி ஜுரம் பார்த்துக் குறிக்கிறவள். மூன்று முறை அணைத்துப் போட்டு, மூன்று முறையும் என்ன நடந்தது என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்தாள். பிறகு பெட்டியை ஒரேயடியாக அணைத்துவிட்டுப் படுத்தாள்.

ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. கதவில் தொங்கிய அட்டையையும் மீறி பூவாத்தாள் தட்டினாள்.

“அம்மணி, லைன் போயிருச்சாட்ட இருக்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

அவளுக்குப் பின்னால் காம்பவுண்டு முழுக்க நின்றது. காருக்குள்ளிருந்து முதலாளியின் அம்மாவும் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, அது என்னோட தூக்கமுங்க” என்றாள் கோகிலவாணி.

“தெரியுமே. நல்லாருப்பீங்க” என்றாள் பூவாத்தாள், மனசாரச் சொன்னாள். “உங்களுக்கு வேண்டியது எதுவா இருந்தாலும் நாங்க பண்றமுங்க. மூணு வேளையும் சோறு எங்கூட்டுல. உங்க யூனிபாரத்தைத் தொவச்சு இஸ்திரி போட்டு வெக்கறம். தூக்கம் ஒண்ணுதானுங்களே? ஆஸ்பத்திரியில சும்மா உக்காந்திருக்கற நேரத்துல கண்ண மூடிக்குங்க அம்மணி.”

கோபம் வந்தது, அதற்குமேல் அழுகை வந்தது, ஆனால் தட்டிக்கொண்டே இருக்கப்போகிற கதவுக்குப் பின்னால் எப்படியும் தூங்க முடியாது. ஐந்தாம் வீட்டுக்காரி குழந்தையைத் தோளில் தட்டியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டாள். அவளுக்கு முகம் முறித்துப் பேசத் தெரியாது, அதுதான் அவளுடைய நோய்.

நான்காம் வீட்டுப் பழனியப்பன் மட்டும் அன்று அந்தக் கூட்டத்தில் இல்லை. பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி இறந்த பிறகு தனி ஆள். கோகிலவாணி வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். இரண்டு வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். சாக்கடைத் தண்ணீர் அவர் வாசல் வழியாகப் போவதால் கோபம் என்று காம்பவுண்டில் பேசிக்கொண்டார்கள், அவளும் அதையே நம்பினாள்.

நாற்பதாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, ஏழாம் பெட்டுக்குப் போட வேண்டிய ஊசியை மருந்தேற்றி எடுத்துக்கொண்டு கோகிலவாணி ஒன்பதாம் பெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பஞ்சால் கையைத் துடைத்தும் விட்டாள். கூட டியூட்டி பார்த்த சின்ன சிஸ்டர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்பதாம் பெட்டில் இருந்தது கல்யாணமாகி ஆறு மாதமான பெண். அந்த மருந்து அவளுக்கு ஆகாது. உள்ளே போயிருந்தால் அன்றைய சூரியனை அவள் பார்த்திருக்க மாட்டாள். அவள் புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து, எதுவும் புரியாமல், கோகிலவாணியைப் பார்த்து நன்றியோடு சிரித்தான். ஹெட் சிஸ்டர் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்றார். வேலை போனால் போகட்டும், அந்தச் சிரிப்பைத்தான் கோகிலவாணியால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் வீடு வருகிற வரைக்கும் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வந்ததும் இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டு ஆளை வரச் சொன்னாள். பத்து மணிக்கு ஷாஜகான் வந்தான், முதுகில் பையும் தோளில் கேபிள் சுருளுமாக. பெட்டியைத் திருப்பிப் பார்த்தான், லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினான், உதட்டைப் பிதுக்கினான்.

“ஸ்பீடெல்லாம் கரெக்டா வருதுங்கக்கா. லைன்ல கோளாறு இல்ல. தூக்கந்தான் லீக் ஆவுது” என்றான், குழாயில் வாஷர் போய்விட்டது என்கிற மாதிரி. “போன மாசம் இப்படித்தான் ஒரு ஊட்ல பசி போயிருச்சு. தெருவே தின்னு தீத்துச்சு, அந்த ஊட்டுக்காரரு எலும்பா கெடந்தாரு. பூட்டு இல்லாம யாருங்க வெக்கச் சொன்னது?”

“நானேதான் வெச்சேன்.”

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். இணைந்திருக்கும் போன்களின் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது, மொத்தம் நாற்பத்து மூன்று. பூவாத்தாள், பூவாத்தாள் பழைய போன், வால்வு மணி, அம்மா கார். நடுவில் பெயரே வைக்காத ஒன்று, முதல் நாளிலிருந்து இருந்தது.

“விருந்தாளிங்களுக்குத் தனியா ஒரு லைன் போட்டு, கொஞ்சமா விடலாமாப்பா?” என்றாள் கோகிலவாணி. அந்த நிலையிலும் அவளுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

“நெட்டுக்கு அது சரி வருமுங்க. தூக்கத்துக்கு வராது. ஒருத்தர்னா தாங்கும். கூட்டம் சேந்தா உங்களுக்கு மிச்சம் இருக்காது. ரீசெட் பண்ணிப் புதுசா பாஸ்வேர்டு போடறதுதான் வழி. ஒரு குண்டூசி இருந்தா குடுங்க, இந்த ஓட்டைக்குள்ள அமுத்தணும்.”

குண்டூசி இல்லை. அவள் பையிலிருந்து பிரிக்காத ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பெட்டியின் முதுகில் குத்திப் பிடித்தான், விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. வெளியே சுவரோரம் படுத்திருந்தவர்கள் முதற்கொண்டு அத்தனை பேரும் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள்.

“அம்மணி, அவசரப்படாதீங்க” என்றாள் பூவாத்தாள். அவளும் பொய்க்குக் கேட்கவில்லை. “பத்து வருசத்துக்கப்புறம் தூங்கறனுங்க. இந்தக் கொழந்தையைப் பாருங்க. நாங்கெல்லாம் என்ன அன்னியமா?”

லேப்டாப்பில் புது பாஸ்வேர்டுக்கான கட்டம் காலியாக இருந்தது. கோகிலவாணியின் விரல் அதற்கு மேலே நின்றது, கீழே இறங்கவில்லை. ஒன்பதாம் பெட்டுப் பெண்ணின் புருஷன் சிரித்தது கண்ணுக்குள் நின்றது, குழந்தை கண்ணுக்கு எதிரே நின்றது.

அப்போது கூட்டம் விலகியது. பழனியப்பன் வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார், இரண்டு வருஷத்தில் முதல் முறையாக.

“பூட்டிருங்க சிஸ்டர்” என்றார்.

யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவர் கையைத் தூக்கினார்.

“எங்கூட்டுக்காரி உங்க வார்டுலதான் போனா. அன்னைக்கு நான் ஸ்டூல்ல உக்காந்தே தூங்கிட்டனுங்க. அவ தண்ணி கேட்டிருக்கறா, எனக்குத் தெரியல. நீங்க முழிச்சிருந்தீங்க. நீங்கதான் ஸ்பூன்ல தண்ணி குடுத்தீங்க, கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. அன்னைலிருந்து எனக்குத் தூக்கமில்ல, உங்க மூஞ்சிய நிமிந்து பாக்கவும் முடியறதில்ல.” அவர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டார். “நாப்பது நாளா உங்க தூக்கத்துலதான் தூங்கினேன். யாரு தூக்கம்னு தெரிஞ்சேதான் தூங்கினேன். போதுமுங்க. அங்க வார்டுல எவனோ ஒருத்தன் அசந்து தூங்கிட்டு இருப்பான். நீங்களாச்சும் முழிச்சிருக்கோணுமில்லீங்களா?”

பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே பார்த்தாள். கோகிலவாணி பாஸ்வேர்டை அடித்தாள். ஷாஜகான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், அது அவன் தொழில் மரியாதை.

அன்று அவள் தூங்கியதைத் தூக்கம் என்று சொன்னால் குறைவு. நாற்பது நாள் அலைந்துவிட்டு வந்த தூக்கம், கூடவே கீரை வாசனையும் குழந்தைப் பால் வாசனையும் கார் சீட்டு வாசனையுமாக வந்து அவள் மேல் படுத்தது. நான்கு மணிக்கு எழுந்து வலது கையை நீட்டினாள். விரித்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

காம்பவுண்டு இதையும் செரித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்குப் பல் வந்துவிட்டது, கத்தல் நின்றது. பாயோடு வந்தவர்கள் பாயைச் சுருட்டினார்கள், கோயில் மைக் செட்டு விட்டதற்கும் சேர்த்துப் பாடியது. பூவாத்தாள் தூக்கம் வரவில்லை என்று மறுபடி ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்வதற்கு ஒன்று கிடைத்ததில் அவளுக்கு ஓரளவு திருப்தியும் இருந்தது.

ஐந்தாம் நாள் பகல் பத்து மணிக்குக் கோகிலவாணி படுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு. நின்றது, திரும்பியது, மறுபடி நடந்தது. ஸ்டூலில் தூங்கிப்போன ஒரு மனுஷன் இரண்டு வருஷமாக உட்காராமல் நடக்கிற நடை அது. தன் தூக்கம் அவரிடம் போயிருந்த அந்த நாற்பது நாள்தான் அந்தக் கால்கள் ஓய்ந்திருந்தன என்று அவளுக்குப் புரிந்தது. தூக்கம் அவள் பக்கத்தில் வந்து காத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் நான்காம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“போனைக் குடுங்க மாஸ்டர்.”

“வேண்டாமுங்க சிஸ்டர். சொன்னனில்லீங்களா?”

“நீங்க கேக்கலீங்களே. நானாத்தான் குடுக்கறேன். ஒருத்தர்னா தாங்கும்னு அந்தத் தம்பி சொன்னான்.”

அவர் கொடுக்கவில்லை; அவளே சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். நீளமான அந்த பாஸ்வேர்டைத் திரையில் வெறும் புள்ளிகளாக விழும்படி அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“யாருக்கும் சொல்லிராதீங்க.”

“எனக்கே தெரியாதுங்களே” என்றார் பழனியப்பன். இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டார்.

அவள் திரும்பி வந்து படுத்தாள். காலடிச் சத்தம் நின்றிருந்தது. எந்த நொடியில் தூங்கினாள் என்று தெரியாது. கண் திறந்தபோது கடிகாரத்தில் மூன்றரை. வழக்கமான நாலு மணிக்கு அரை மணி நேரம் குறைந்தது. போனை எடுத்து, ஷாஜகான் காட்டிக் கொடுத்திருந்த பக்கத்துக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தாள். பெயர் வைக்காத அந்தப் போன் பத்தரைக்கு இணைந்து, பதினொரு மணிக்கு அவரே எழுந்து அணைத்ததில் விலகியிருந்தது. அந்த அரை மணிக்கு மேல் அவர் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடை சத்தம் இல்லை, யாரோ நிதானமாக வீடு கூட்டுகிற சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து கோகிலவாணி ஒன்பதரைக்கே படுத்தாள்.